புகையற்ற பஸ் யாருக்கு?

2022ஆம் ஆண்டில் இலங்கையின் பாடசாலைகள் இருவேறு காரணங்களால் மூடப்பட்டன. ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் இல்லையென்று மூடினார்கள். ஆண்டின் இறுதியில், டிசம்பர் 9ஆந் திகதி, காற்றுக் கெட்டுவிட்டதென்று மூடினார்கள். முன்னதில், டீசலும் பெற்றோலும் கிடையாமையால் ஆசிரியரும் மாணவரும் வீட்டில் அடைபட்டனர். பின்னதில், வங்கக் கடலில் எழுந்த புயற்சின்னத்தோடு இந்தியப் பெருநிலத்தின் மாசு மிதந்து வந்து நம் வானைப் போர்த்தமையால் அடைபட்டனர். எண்ணெய் வராவிட்டாலும் கல்வி தடைப்படுகிறது. எரித்த புகை மிகுந்துவிட்டாலும் கல்வி தடைப்படுகிறது. இவ்விரு துன்பங்களுக்கும் இடையிலே அகப்பட்டு நிற்கிறது ஏழை மக்களின் ஊர்தியாகிய பஸ் வண்டி. எனவே, மின்சாரத்தால் ஓடும் பஸ்ஸைப் பற்றிய பேச்சு இன்று பெருநகரங்களில் எழுந்திருக்கும்போது, மல்லாவி போன்ற ஓர் ஊர் அதனை வேடிக்கைச் செய்தியாகப் படித்துவிட்டு வாளாவிருத்தல் தகாது.

சென்னை காட்டும் வழி

அண்மைக் காலத்தில் தமிழ் வழங்கும் நிலத்தில் இத்துறையில் நடைபெற்ற பெருமுயற்சி சென்னையினுடையது. 2025ஆம் ஆண்டு ஜூன் 30ஆந் திகதி, சென்னை மாநகர்ப் போக்குவரத்துக் கழகத்தின் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. அவ்வாண்டு ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்து மேலும் 135 வண்டிகள் புறப்பட்டன. உலக வங்கியின் துணையோடு, முதற்கட்டமாக மொத்தம் 625 வண்டிகளைத் தெருவில் இறக்குவதே அவர்களின் திட்டம். ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் ஓடக்கூடியவை இவை. தரை தாழ்ந்தவையாதலால் முதியோரும் ஊனமுற்றோரும் பிறர் கைதூக்கிவிடாமலே ஏறலாம். வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்தக்காரரைச் சேர்ந்தவர். நடத்துநர் கழகத்தைச் சேர்ந்தவர். ஓடிய தூரத்துக்குக் கிலோமீற்றர்க் கணக்கிலே கூலி. இம்முறை தனியார்மயத்துக்கு வாயிலாகிவிடும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அவ்வெதிர்ப்பில் நியாயம் இல்லையென்று எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும், பழைய டீசல் வண்டிகளின் கரும்புகையினூடே நாள்தோறும் நடந்து செல்லும் தொழிலாளிக்கு இம்மாற்றம் ஒரு நன்மையென்பதையும் மறுத்தல் இயலாது.

மின்சாரத்தால் ஓடும் பொதுவண்டி நமக்குப் புதியதன்று என்பதை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். 1895ஆம் ஆண்டிலேயே சென்னையில் மின்சார ட்றாம் வண்டிகள் ஓடின. 1953ஆம் ஆண்டு ஏப்ரலில் அவை நின்றன. அவை நின்ற அதே ஆண்டிலே, கொழும்பு மாநகரில் மின்கம்பியிலிருந்து ஆற்றல் பெறும் 'ட்றொலி' பஸ்கள் ஓடத் தொடங்கின. 1964ஆம் ஆண்டுடன் அவையும் மறைந்தன. மேலே கட்டிய கம்பியை விட்டு விலக முடியாமை அவ்வண்டிகளின் பெருங்குறை. கம்பி செல்லாத தெருவுக்கு அவையும் செல்லமாட்டா. மின்கலம் அக்கட்டினை அறுத்துவிட்டது. அதனாலேதான் சீனாவின் ஷென்சென் நகரம் 2017ஆம் ஆண்டின் முடிவுக்குள் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட தன் பஸ்கள் அனைத்தையும் மின்சார வண்டிகளாக மாற்ற முடிந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் நகரம் கைவிட்டதொன்று, குறை நீங்கித் திரும்பி வந்திருக்கிறது எனலாம்.

புகை போகும் இடம்

டீசற்புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012ஆம் ஆண்டில் தீர்ப்புக் கூறிவிட்டது. அப்புகையிலுள்ள நுண்துகள்கள் மூக்கின் காவலைக் கடந்து நுரையீரலின் அடிவரை செல்கின்றன. அங்கிருந்து குருதியிலும் கலக்கின்றன. மின்சார பஸ்ஸுக்குப் புகைக்குழாய் இல்லை. ஆனால் புகைக்குழாய் இல்லாமையே தூய்மையாகிவிடாது. வண்டிக்கு வேண்டிய மின்சாரம் நிலக்கரியில் பிறந்தால், கொழும்புத் தெருவின் புகை நுரைச்சோலைக்குக் குடிபெயர்ந்ததாகவே கொள்ளவேண்டும். அங்கே 900 மெகாவாற்று நிலக்கரி நிலையத்தின் அயலில் வாழ்வோரும் மூச்சு விடுபவர்களே. டயர் தேய்வதால் எழும் தூசும் தெருப்புழுதியும் எவ்வகை வண்டியிலும் உண்டு. மழை நன்கு பெய்யும் ஆண்டுகளில் நம் நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி நீர், காற்று, ஞாயிறு ஆகியவற்றிலிருந்து கிடைக்கிறது. அப்பங்கு வளர வளரவே மின்சார பஸ்ஸின் தூய்மையும் வளரும்.

இனி மல்லாவிக்கு வருவோம். வவுனிக்குளத்து நீரும் வயல்வெளியும் சூழ்ந்த இவ்வூரின் காற்றைக் கொழும்புக் கோட்டையின் காற்றோடு ஒப்பிட எவரும் துணியார். இங்கே புகையின் பெரும்பங்கு அடுப்படி விறகினுடையது. அவ்வாறாயின் மின்சார பஸ்ஸால் இவ்வூருக்கு ஆவதென்ன?

விடையை வன்னி மக்களின் அண்மைக்கால வரலாறே கூறும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருள் இப்பெருநிலத்துள் வருவது தடுக்கப்பட்டது. 1996இல் கிளிநொச்சி வீழ்ந்தபின் இடம்பெயர்ந்த பெருந்தொகை மக்களைத் தாங்கி நின்றது மல்லாவி. அக்காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் பெற்றோலில் ஓட வகையின்றி, மண்ணெண்ணெயை அருந்தி, கண்ணெரிக்கும் வெண்புகை கக்கி ஓடின. வானொலி கேட்பதற்குச் சைக்கிள் டைனமோவைச் சுழற்றினார்கள். ஏனெனில் பற்றரியும் தடை செய்யப்பட்ட பொருளாயிருந்தது. 2002ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபோதுதான் இந்நிலை தளர்ந்தது. மீண்டும் போர், அதன்பின் அமைதி. ஆனால் 2022இல் திறைசேரியில் டொலர் தீர்ந்தபோது, தடையெதுவும் இன்றியே எரிபொருள் மறைந்தது. ஒருமுறை துப்பாக்கியும் மறுமுறை கடனும் செய்த வேலை ஒன்றே: கடல் கடந்து வரவேண்டிய எண்ணெயை நம்பியிருந்த ஊர் முடங்கியது.

ஆகவே மல்லாவிக்கு மின்சார பஸ் முதலிலே தூய காற்றின் பொருட்டு அன்று. முடங்காத போக்குவரத்தின் பொருட்டே வேண்டப்படுவது. மாவட்டத் தலைநகராகிய முல்லைத்தீவு கிழக்குக் கடலோரத்தில் இருக்கிறது. இவ்வூரோ மேற்கே உள்நாட்டில் இருக்கிறது. கச்சேரி அலுவலுக்கும், பெரிய வைத்தியத்துக்கும், மாங்குளத்தில் புகையிரதம் பிடிப்பதற்கும் பஸ்ஸே கதி. துணுக்காய்க் கல்வி வலயத்தின் ஆசிரியர் ஒருவர் காலைப் பிரார்த்தனைக்கு நேரத்துடன் வந்து நிற்பதும் பிந்துவதும் பெரும்பாலும் அவர் கையில் இல்லை; பஸ்ஸின் கையிலே உள்ளது.

நண்பகல் வெயில்

இவ்விடத்தில் நாட்டின் மின்சாரத் துறையில் தோன்றியுள்ள ஒரு விந்தையைக் கவனித்தல் வேண்டும். 2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் வேளையில் மின்சாரம் மிஞ்சுகிறதென்றும், கூரைகளிலுள்ள சூரியத் தகடுகளைப் பிற்பகல் வரை நிறுத்தி வைக்குமாறும் மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. அவ்வாண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்ததென அமைச்சர் கூறினார். குரங்கு ஒன்றால் கவிழக்கூடிய மின்வலையமைப்பில், பகலில் மிஞ்சும் வெயிலைச் சேமிக்க இடமில்லை என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் உரைக்கும் உண்மை.

கிராமத்துப் பஸ்ஸின் நாளொழுங்கை நோக்குங்கள். காலையில் மாணவரையும் உத்தியோகத்தரையும் ஏற்றிச் சென்றபின், பாடசாலை விடும் வேளை வரை அதற்குப் பெரிய வேலையில்லை. வெயில் மிஞ்சும் நேரமும் பஸ் ஓய்ந்திருக்கும் நேரமும் ஒன்றே. நகரத்துப் பஸ்ஸுக்கு இவ்வாய்ப்பு அரிது. அது பகல் முழுதும் ஓடவேண்டும். டிப்போவின் கூரையில் தகடும், அதன் கீழே மின்னேற்றும் கருவியும் அமைந்தால், வீணாகும் வெயில் பிற்பகலில் பிள்ளைகளை வீடு சேர்க்கும். வெயிலுக்குச் சுங்கவரி இல்லை. அதனைத் தடைசெய்யும் சோதனைச் சாவடியும் இல்லை.

இதற்கு இடையூறுகள் உள. மின்சார பஸ்ஸின் விலை டீசல் பஸ்ஸினதைவிட மிக அதிகம். ஓட்டச் செலவு குறைவெனினும், முதலிலே பெருந்தொகை வேண்டும். மின்கலம் ஆண்டு செல்லச் செல்ல வலுவிழக்கும். அதனைப் பழுதுபார்க்கக் கற்றவர்கள் டிப்போவிலேயே இருத்தல் வேண்டும். இல்லையேல் சிறு கோளாறுக்கும் வண்டி வாரக்கணக்கில் கொழும்பை நோக்கித் தவங்கிடக்கும். தொழில்நுட்பக் கல்லூரிகளில் இப்பயிற்சியை இப்போதே தொடங்குதல் அறிவுடைமையாகும்.

எல்லாவற்றிலும் பெரிய அச்சம் வேறொன்று. புதியது நகரத்துக்கு, கழிந்தது கிராமத்துக்கு என்னும் வழக்கம் நம் ஆட்சிமுறையில் ஆழ வேரூன்றியது. கொழும்பு மின்சார பஸ் வாங்கும் நாளில், அங்கே கழிக்கப்பட்ட டீசல் வண்டிகள் 'சேவை விரிவாக்கம்' என்னும் பெயரோடு வன்னிக்கு வந்து சேருமாயின், தலைநகர் தன் புகையை ஏற்றுமதி செய்தது என்பதன்றி அதற்கு வேறு பெயரில்லை. 1958ஆம் ஆண்டு ஜனவரியில் பஸ் கம்பெனிகளைத் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கப்பட்டபோது, அதற்குக் கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று யாது? இலாபமுள்ள நகரப் பாதையின் வருவாய், இலாபமில்லாத கிராமப் பாதையைத் தாங்கவேண்டும் என்பதே. அவ்வறம் டீசலுக்கு மட்டும் உரியதன்று, மின்சாரத்துக்கும் உரியது.

ஆதலால் நமது வேண்டுகோள் பெரிதன்று. மின்சார பஸ் திட்டம் வகுக்கும்போது நூற்றுக்கு இத்தனை வண்டி கிராமத்துக்கென்று முதல் நாளே எழுதுக. அவற்றுள் சில வன்னியின் பாடசாலைப் பாதைகளில் ஓடுக. ஓடியதன் கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்குக. சென்னைத் தொழிலாளியின் நுரையீரலுக்குக் கிடைத்த ஆறுதல் மதிப்புள்ளது. மழையிலும் வெயிலிலும் தெருவோரம் காத்து நிற்கும் துணுக்காய் மாணவியின் காலைப் பொழுதும் அதனோடொத்த மதிப்புள்ளதே.