யாருடன் கூட்டு? - மலையக மக்களும் கணனி அரசாங்கமும்

வளர்முக நாடுகளின் நிர்வாகக் குறைபாடுகள் அனைத்துக்கும் கணனியே மருந்து என்னும் நம்பிக்கை இன்று ஏறக்குறைய ஒரு சமயக் கோட்பாடாகவே ஆகிவிட்டது. அரசும் மக்களும் கூடி இயக்கும் மின்னரசாங்கம் என்பது அக்கோட்பாட்டின் மந்திரம். இலங்கையும் இதற்கு விலக்கன்று. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இதற்கெனத் தனி முகவர் நிலையம் ஒன்றுக்கு வழிவகுத்தது. 2025 பெப்ரவரியில் அரசுக் கட்டணங்களை இலத்திரனியல் முறையிற் செலுத்தும் 'கவ்பே' தொடங்கப்பட்டது. இவற்றை எதிர்ப்பது நமது நோக்கமன்று. 'கூட்டு' என்னும் சொல்லை எடுத்தாள்வோரிடம் ஒரு வினாவை மட்டும் எழுப்புகின்றோம்: யாருடன் கூட்டு?

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது அரச நிறுவனமும் தனியார் நிறுவனங்களும் கைகோத்து, மிகக் குறுகிய காலத்துள் எரிபொருள் அனுமதி முறையொன்றை உருவாக்கின. வாகனம் வைத்திருப்போரின் துயரம் அத்துணை விரைவாகக் கணனிக்கு எட்டிற்று. வாகனமில்லாதோரின் துயரம் எட்டுவதற்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும்?

அக்கரப்பத்தனையை எடுத்துக்கொள்வோம். டயகம, ஹோல்புறூக் முதலிய தோட்டங்கள் சூழ்ந்த இப்பகுதி மக்களுக்குப் பதிவேடு புதியதன்று. பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்த நாள் முதலாக அவர்கள் எழுதப்பட்டே வந்துள்ளனர். செக்ரோலை எழுதியவர் கணக்கப்பிள்ளை, எழுதுவித்தவர் துரை, எழுதப்பட்டவர் தொழிலாளி. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ தொடர்ந்து வசித்தமைக்குச் சான்று கேட்டது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. காகிதத்தில் நேர்ந்த குறை ஒரு சமூகத்தின் வாழ்வையே பறித்ததற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? எஞ்சியோருக்கு அக்குறை முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்தப் பழைய காகிதங்களே இன்று கணனிக்குள் ஏற்றப்படுகின்றன. தமிழ்ப் பெயரைத் தமிழறியாத எழுதுவினைஞர் ஒருவர் காதால் கேட்டு எழுதினார். பிறப்புச் சான்றிதழில் ஒரு வடிவம், அடையாள அட்டையில் மற்றொரு வடிவம், சேமலாப நிதிப் பதிவில் பிறிதொரு வடிவம். மனிதரான அலுவலர் நேரிற் கண்டு, 'இருவரும் ஒருவரே' என்று தீர்க்க இடமிருந்தது. பதிவுகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் இயந்திரத்துக்கோ ஓரெழுத்து மாறினால் ஆளே வேறு. அன்றைய எழுத்தரின் கவனக்குறைவு இவ்வாறு இன்றைய கணனியின் சட்டமாகிவிடுகின்றது.

2023இல் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டம் 22 அளவுகோல்களாற் குடும்பங்களை மதிப்பிட்டது. வீட்டின் நிலையும் அவற்றுள் அடங்கும். லயன் காம்பிரா தொழிலாளியின் சொத்தன்று. அவர் விரும்பி அமர்த்திய வாடகை வீடுமன்று. ஒரே காம்பிராவில் இரண்டு குடும்பங்கள் வாழ்வதுண்டு. கடிதமோ பல தோட்டங்களில் காரியாலயம் வழியாகவே வந்து சேர்கின்றது. வீடு, விலாசம், குடும்பம் என்னும் மூன்று கட்டங்களும் கொழும்பிலே கருதப்பட்ட பொருளை இங்கு தருவதில்லை. படிவத்தை மொழிபெயர்த்துவிட்டால் மாத்திரம் அது தமிழ் மக்களுக்குரிய படிவமாகிவிடாது.

"எளிய தொழிலாளருக்கு மென்பொருள் அமைப்புப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்போர் உளர். 1970களின் தொடக்கத்தில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் கிறிஸ்டன் நைகார்ட் என்னும் கணனி அறிஞருடன் இணைந்து, தொழிற்சாலைகளிற் புகும் கணனி முறைகளைத் தொழிலாளரே ஆராய்ந்து தம் கருத்தைக் கூற வழிசெய்தது. மென்பொருள் எழுதத் தெரிவது ஓர் அறிவு. அது எங்கே பிழைக்கும் என்று அறிவது மற்றோர் அறிவு. இரண்டாவது அறிவு லயன்களில் நிறையவே உண்டு. "காலதாமதமாகும்" என்பது மற்றொரு வாதம். முதலில் ஒரு மாதம் கேளாதவர்கள் பின்னர் மேன்முறையீடுகளை விசாரிப்பதில் பல மாதங்களைச் செலவிடுகின்றனர் என்பதே அதற்கு விடை.

தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்த பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலோடு அக்கரப்பத்தனைக்குத் தனிப் பிரதேச சபையும் வாய்த்தது. ஆகவே கூட்டுக்கு இடமில்லை என்று இனிக் கூறவியலாது. எந்தப் படிவமும் வெளிவருமுன் இத்தகைய சபையொன்றின் முன்னிலையில், கொழுந்து பறிக்கும் பெண்களும் தொழிற்சங்கத்தாரும் இருக்கப் பரீட்சிக்கப்படல் வேண்டும். தமிழ்ப் பெயரின் தமிழ் வடிவமே மூலப்பதிவாதல் வேண்டும். லயனுக்கும் காம்பிராவுக்கும் தனி விலாசம் வேண்டும். நிராகரிப்பின் காரணம் தமிழில் எழுதப்படுவதோடு, அதனைத் திருத்தும் அதிகாரமுள்ள மனிதர் ஒருவர் அருகிலேயே இருத்தலும் வேண்டும். சம்பளத்துக்காகப் போராடும் சங்கங்கள் இவற்றையும் தம் கோரிக்கைகளாகக் கொள்ளுதல் கடன்.

நமக்கும் இதிற் பங்குண்டு. கணனித் துறையினர் தமிழறியாமலும், தமிழ்த் துறையினர் கணனியறியாமலும் ஒரே வளாகத்தில் வாழ்ந்துகொண்டு, மக்களுக்காக வருந்துவதிற் பயனில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறரால் எழுதப்பட்ட ஒரு சமூகம் தன் பெயரைத் தானே எழுதும் உரிமையைக் கேட்கின்றது. அதனை மறுக்கும் மின்னரசாங்கம், எவ்வளவு விரைவாக இயங்கினும், புதிய செக்ரோலேயன்றி வேறன்று.