அடுத்த ஸ்டேஷன்... எங்க வீட்டு ஹால்!

எங்கள் வீட்டு ஹாலில் இப்போது சோபா கிடையாது. சோபா இருந்த இடத்தில் பீச் ஸ்டேஷன் இருக்கிறது. டி.வி. ஸ்டாண்டை ஒட்டினாற்போல் தாம்பரம். யாராவது வந்தால் நடுவில் மாம்பலத்துக்குப் பக்கமாக ஒரு மோடா போட்டு உட்கார வைக்கிறோம். போன வாரம் வந்த என் மச்சினர், காபி டம்ளரை வைக்க இடம் தேடிவிட்டு, பிளாட்பாரத்தில் வைத்தார். நான் பார்த்த பார்வையில் அவர் இன்னும் இரண்டு வருஷத்துக்கு வரமாட்டார் என்று நினைக்கிறேன்.

'ஐம்பத்தைந்து வயதில் ரயில் பொம்மையா?' என்று நீங்கள் சிரிக்கலாம். என் மனைவி சிரிக்கவில்லை. "பொம்மைக்கு வயசாகாது, உங்களுக்குத்தான் ஆகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லாம் பரண் சுத்தம் பண்ணப்போய் வந்த வினை. பழைய டப்பா ஒன்றில் என் 1994-ஆம் வருஷத்து சீசன் டிக்கெட் கிடைத்தது. போட்டோவில் நான் மீசையோடு, ஒரு கேஸில் மாட்டிய ஆசாமி மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறேன். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் - மூன்று மாத டிக்கெட்டுகள். மூன்றுமே அப்பா வாங்கிக் கொடுத்தது. "க்யூவுல நின்னேன், உனக்கும் சேர்த்து வாங்கிட்டேன்" என்று சட்டைப் பையில் செருகிவிட்டுப் போவார். டப்பாவை மூட மனசில்லாமல் பரணிலேயே அரை மணி உட்கார்ந்திருந்தேன்.

அந்த மீட்டர் கேஜ் லோக்கலைத் தெரியுமோ உங்களுக்கு? 1931-ல் இந்த லைனில் மின்சார ரயில் வந்தபோது, அது 1,500 வோல்ட் டி.சி.யில் ஓடியது. 1960-களில்தான் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாற்றினார்கள். 2004-ல் மீட்டர் கேஜ் வண்டியே போய் எல்லாம் பிராட் கேஜ் ஆகிவிட்டது. 2025 ஏப்ரலில் குளுகுளு ஏ.சி. லோக்கலே விட்டுவிட்டார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் ஏ.சி. பெட்டிக்குக் கதவு மூடிக்கொள்கிறது சார். கதவு மூடினால் அது லோக்கலா? எங்கள் வண்டியில் கண்ணை மூடிக்கொண்டே ஊர் சொல்லலாம். தோல் பதனிடும் நெடி வந்தால் பல்லாவரம் பக்கம். வெண்டர் பெட்டியிலிருந்து மீன் கூடையும் மல்லிகைப்பூவும் சேர்ந்து வரும் ஒரு வாசனை... அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. நாலு பேர் முழங்காலில் ஒரு சூட்கேஸை வைத்து ரம்மி ஆடுவார்கள். சைதாப்பேட்டையில் இறங்க வேண்டியவர் நல்ல கை வந்துவிட்டதால் கோடம்பாக்கம் வரை போய்த் திரும்பி வருவார்.

சரி, அதையே வீட்டில் ஓட்டுவோம் என்று முடிவு செய்து கணக்குப் போட்டேன். அங்கேதான் முதல் அடி.

மாடல் ரயில்காரர்கள் அதிகம் பேர் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு 'எச்.ஓ.' என்று பெயர். நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. பீச்சிலிருந்து தாம்பரம் சுமார் 29 கிலோமீட்டர். 87-ஆல் வகுத்தால் 333 மீட்டர்! அதாவது எங்கள் ஹாலில் பீச் வைத்தால், தாம்பரம் தெருமுனை இஸ்திரி வண்டியைத் தாண்டிப் போகும். நான் வாங்கி வந்ததோ எட்டடி பிளைவுட் பலகை. ஒரு பெட்டி 20 மீட்டர் என்று வைத்தால் மாடலில் 23 சென்டிமீட்டர். ஒன்பது பெட்டி கோத்தால் இரண்டு மீட்டருக்கு மேல். எட்டடிப் பலகையில் அந்த வண்டி பீச்சில் நிற்கும்போதே முன்பக்கம் தாம்பரம் வந்துவிடும். உலகத்திலேயே சீக்கிரம் ஊர் சேரும் லோக்கல்! ஆகவே மூன்று பெட்டி. பதினெட்டு ஸ்டேஷன் நாலாகியது: பீச், மாம்பலம், குரோம்பேட்டை, தாம்பரம்.

தண்டவாளத்திலும் சமரசம். மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். நம் பிராட் கேஜ் என்றால் பத்தொன்பது சொச்சம். எனக்குக் கிடைத்ததோ 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பா, அமெரிக்காவில் ஓடும் அகலம். நம்முடைய பழசுக்கும் பொருந்தாது, புதுசுக்கும் பொருந்தாது, அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி. கடுதாசி எழுத நினைக்கும் அன்பர்கள் மன்னிக்கவும்.

இன்ஜினுக்கு, ஒரு நண்பர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து அலமாரியில் தூங்கவிட்டிருந்த அமெரிக்க டீசல் வண்டியை வாங்கி, அதன் மேல்சட்டையைக் கழற்றினேன். பெட்டிகளைக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டினேன். பத்திரிகை அட்டையைப் போல உறுதியானது வேறில்லை (கல்யாணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை). கூரை மேல் கரன்ட் எடுக்கிற பென்டோகிராஃப் மனைவியின் ஹேர்பின். அது வெறும் அலங்காரம்தான். நிஜ கரன்ட், 12 வோல்ட் டி.சி., தண்டவாளம் வழியாகவே வருகிறது. காய்ந்த காபிப் பொடிச் சக்கை மண்ணாயிற்று. பச்சைச் சாயம் போட்ட மரத்தூள் புல்லாயிற்று. தண்டவாளத்துக்கு இடையே போடும் ஜல்லிக்கு ரவையைச் சாயம் தோய்த்து, ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஒட்டினேன். காலையில் எழுந்து பார்த்தால் குரோம்பேட்டையில் ஜல்லியைக் காணோம்! தாம்பரம் நோக்கி எறும்புகள் வரிசையாக, டிக்கெட் இல்லாமல். அப்புறம் ஆற்று மணலைச் சலித்துப் போட்டேன்.

இத்தனையும் நடக்கும்போது அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வயது எண்பத்தாறு. அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. அதிலிருந்து பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது. 'ம்', 'வேணாம்', 'காபி' - ஒரு நாளைக்கு இவ்வளவுதான். டாக்டர், "பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க" என்றார். கொடுத்தோம். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

தாம்பரத்தில் வண்டி திரும்ப வேண்டுமே என்று ஒரு வளையம் போட்டேன். பலகையில் இடமில்லாததால் பையனின் பழைய கேரம் போர்டை ஒட்டவைத்து, அதன் மேல் 15 அங்குல ஆரத்தில் ஒரு சுற்று. ஸ்விட்சைப் போட்டதும் 'டப்'. அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி 'டப்'. பையன் வந்து பார்த்தான்.

"அப்பா, ஒரு தண்டவாளம் ப்ளஸ், இன்னொண்ணு மைனஸ். வளைஞ்சு வந்து அதே லைன்ல சேரும்போது ப்ளஸ் போய் மைனஸைத் தொடுது. ஷார்ட் ஆகாம என்ன பண்ணும்? நடுவுல வெட்டி, தனி ஸ்விட்ச் வைக்கணும்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை வெட்டினேன், ஒட்டினேன், புகையை முகர்ந்தேன். நாலாவது ஞாயிற்றுக்கிழமை, நாற்காலியிலிருந்து ஒரு குரல்.

"லோக்கல் எங்கடா திரும்புச்சு?"

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டேன்.

"ரெண்டு பக்கமும் மூஞ்சிடா அதுக்கு. டிரைவர் இந்தப் பக்கம் இறங்கி, நடந்து போயி அந்தப் பக்கம் ஏறுவான். வண்டி எதுக்குத் திரும்பணும்?"

நியாயம்! ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிவிட்டால் வண்டி தானே பின்னோக்கிப் போகும். ஒரு ஸ்விட்ச் போதும். வருஷக்கணக்கில் அதில் தொங்கிக்கொண்டு போன எனக்கு இது உறைக்கவில்லை பாருங்கள். கேரம் போர்டு பரணுக்குப் போனது. அப்பா நாற்காலியைப் பலகை பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதிலிருந்து ஒரே ஆக்ஷேபணைதான். "மாம்பலத்துல இவ்ளோ காலியாவா இருக்கும்?" என்பார். தீக்குச்சியில் ஆட்கள் செய்து நிறுத்தினோம். "பத்தாது" என்பார். நான்கு தீப்பெட்டி காலி. மனைவி சமையலறையிலிருந்து, "மாமா பேசறார்! இன்னும் நாலு பெட்டி வாங்கிக்கோங்க" என்றாள்.

ஒரு நாள் கேட்டார்: "சேத்துப்பட்டு எங்கடா?"

"இடம் இல்லப்பா."

"ம்" என்றார்.

இடம் இருந்தது. மாம்பலத்துக்கும் பீச்சுக்கும் நடுவில் முக்கால் அடி சும்மாதான் கிடந்தது.

1994 ஜூலையில், பாரிமுனையில் நான் வேலை பார்த்த கம்பெனி ஒரு சனிக்கிழமை கணக்கு முடித்து, திங்கட்கிழமை திறக்கவே இல்லை. வீட்டில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். 'பையனுக்கு வேலை இல்லை' என்று எப்படிச் சொல்வது? தினமும் குளித்து, சாப்பாடு கட்டிக்கொண்டு வழக்கமான வண்டியில் ஏறுவேன். காலையில் நாலு கம்பெனி படி ஏறி இறங்குவேன். மத்தியானத்துக்கு மேல் சேத்துப்பட்டில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். அங்கேதான் கூட்டம் குறைவு, தெரிந்த முகம் வராது. டிபன் பாக்ஸைக் காலி பண்ணி, விளம்பரப் பக்கத்தில் வட்டம் போட்டு, ஆறு மணிக்கு மேல் 'ஆபீஸிலிருந்து' வீடு திரும்புவேன். மூன்று மாதம். அக்டோபரில் வேறு வேலை கிடைத்ததும், 'நல்ல கம்பெனிக்கு மாறிட்டேன்' என்று ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன். இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. மனைவிக்குக்கூட இதைப் படித்தால்தான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் பல் தேய்த்துவிட்டு வந்தபோது அப்பா பலகை மேல் குனிந்திருந்தார். கையில் ஃபெவிகால். அந்த முக்கால் அடியில் தீக்குச்சியால் ஒரு பெஞ்ச். கோணல்மாணலாக, நாலு காலில் மூன்றுதான் தரையில் இருந்தது. அதன் மேல் ஒரே ஒரு ஆள்.

"சேத்துப்பட்டு" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. "தெரியுமாப்பா?"

"சாயங்கால வண்டியில நான் ஜன்னலோரம்தானேடா உட்காருவேன். பேப்பரை முகத்துக்கு நேரா வெச்சிருப்பே. பேப்பருக்குக் கீழ என் பழைய செருப்பு."

"ஏம்ப்பா கேக்கல?"

கொஞ்ச நேரம் யோசித்தார். பெஞ்சின் நாலாவது காலை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"கேட்டிருந்தா மறுநாள் வேற ஸ்டேஷன்ல போய் உட்கார்ந்திருப்பே. எங்கன்னு தேடறது?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்விட்சைப் போட்டேன். பத்திரிகை அட்டை லோக்கல், ஹேர்பின் ஆட, மாம்பலத்திலிருந்து தடதடவென்று வந்தது. சேத்துப்பட்டில் நிறுத்தினேன். பெஞ்சுக்கு நேராக ஜன்னல். நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள்.

"லோக்கல் இவ்ளோ நேரம் நிக்காதுடா" என்றார் அப்பா. "வண்டிய எடு."