அளவும் விசையும்

ஒரு பொருளின் சிறப்பு அதன் விலையில் உள்ளதோ, அதனைக் கொள்வார்க்கு அது பொருந்துதலில் உள்ளதோ என வினவின், பொருந்துதலிலேயே உள்ளது என்று விடையிறுக்க எவரும் தயங்கார். இதனைத் திருப்பூர் மக்களுக்கு எடுத்துரைக்கப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போவதை ஒக்கும். பனியன் கடையிற் புகுந்து, ‘ஒரு பனியன் வேண்டும்’ என்பாரை நோக்கி, ‘85-ஆ, 90-ஆ?’ என்று கேளாத கடைக்காரர் அவ்வூரில் இலர். மார்பின் அளவைச் சென்டிமீட்டரிற் குறிக்கும் அவ்வெண்களைச் சிறுவரும் அறிவர். கடல் கடந்து செல்லும் சட்டைகளுக்கோ தோள், மார்பு, கை, நீளம் என ஒவ்வோர் உறுப்பிற்கும் தனித்தனி அளவு எழுதப்பட்டிருக்கும். குறித்த வரம்பிற்கு மேல் மிகினும் குறையினும் செக்கிங் மேசையிலேயே அது தள்ளப்படும். இத்துணை அளவறிந்த ஊர், சைக்கிள் வாங்கப் புகுங்கால் மட்டும் இஞ்சு டேப்பை மறந்துவிடுகின்றது. இம்மறதியைக் குறித்தே யாம் ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

எம்மை இதனை எழுதத் தூண்டியது விலையுயர்ந்த மின்சார மலைச்சைக்கிள் ஒன்று. மலைச்சைக்கிள் என்பது, 1970-களில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவிலுள்ள மாரின் பகுதிக் குன்றுகளில், இளைஞர் சிலர் அகன்ற டயர்களையுடைய பழைய சைக்கிள்களைச் செப்பனிட்டு மண்பாதைகளில் ஓட்டி மகிழ்ந்ததினின்றும் வளர்ந்தது. காலால் மிதிப்பார்க்கு மோட்டார் துணைநிற்கும் சைக்கிளை ஜப்பானின் யமஹா நிறுவனம் 1993-ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொணர்ந்தது. இவ்விரண்டும் கூடிப் பிறந்ததே மின்சார மலைச்சைக்கிள். 2019-ஆம் ஆண்டு கனடா நாட்டில் நிகழ்ந்த உலகச் சாம்பியன் போட்டிகளில் இதற்கும் முதன்முறையாக இடம் தரப்பட்டது. நம் நாட்டிலோ, 250 வாட்டிற்குக் குறைந்த மோட்டாரும், மிதிப்பது நின்றாலும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை அடைந்தாலும் அகன்றுவிடும் துணையும் உடைய சைக்கிளைச் சட்டம் மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. கோயம்புத்தூரில் ஹேமலதா அண்ணாமலை அவர்கள் 2008-ஆம் ஆண்டு ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கி மின்சார வண்டிகள் செய்விக்கலாயினர். ஆதலின் இவ்வகை ஊர்தி கொங்குநாட்டிற்கு முற்றிலும் புதியதன்று.

எம் நண்பர் ஒருவரின் தமையனார் திருப்பூரில் சிறியதொரு பனியன் கம்பெனி நடத்துபவர். நாள் முழுதும் கணக்கும் மெஷின் ஓசையுமாய்க் கழிவதால், ஞாயிறுதோறும் காங்கயத்திற்கு அப்பால் ஊதியூர் மலையடிவாரச் சரளைப் பாதைகளிற் சென்று வர ஒரு மின்சார மலைச்சைக்கிள் வேண்டுமென அவாவினார். மோட்டாரைப் பற்றிப் படித்தார். பாட்டரியைப் பற்றிப் படித்தார். முன் போர்க்கு எத்தனை மில்லிமீட்டர் அமிழ்ந்தெழும் என்பதையும் ஆராய்ந்தார். தம் உடலைப் பற்றி மட்டும் ஒன்றும் படித்திலர். பெரிய சட்டம் பார்வைக்குக் கம்பீரமாயிருந்தமையின் அதனையே வாங்கினார். ஒரு திங்களுள் மணிக்கட்டு மரத்தது, இடுப்பு நொந்தது. பின்னர் ஒரு நாள் சரளை மேட்டில் வண்டி நின்றுவிடவே, ஊன்றுதற்குத் தரை எட்டாது சாய்ந்தார். 24 கிலோ எடையுள்ள வண்டி அவர் கால்மேல் வீழ்ந்தது. அதன்பின் அது கோடவுனில் தார்ப்பாயின்கீழ்க் கிடந்தது.

அக்கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் முதியவர் ஒருவர், முப்பதாண்டுகள் துணி வெட்டிப் பழகியவர், ஒருநாள் தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, துணியை விரிக்கறதுக்கு முன்னாலே ஆளோட அளவு தெரியணுமுங்க. இதுக்கு யாருங்க அளவு எடுத்தாங்க?” என்று வினவினார். விடை கூறுவார் எவருமிலர். அவ்வொரு வினாவே இக்கட்டுரையின் வித்து.

அதன்பின் நிகழ்ந்தவற்றை யாம் உடனிருந்து கண்டோம். தமையனாரைச் சுவரோடு வெறுங்காலில் நிறுத்திக் கவட்டிலிருந்து தரைவரை அளந்தனர். 78 சென்டிமீட்டர் இருந்தது. அதனை 0.883 ஆற் பெருக்கின் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர் வரும். கிராங்கின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை இருக்கத்தக்க உயரத்திற்கு இது தொடக்க அளவென்று சைக்கிளோட்டிகள் பலர் கொள்வர். தொடக்கம் என்றே கூறினோம். ஓட்டிப் பார்த்து அரை அரைச் சென்டிமீட்டராகத் திருத்திக்கொள்ளல் வேண்டும். சட்டத்தின் அளவோ வேறு வகையால் ஆராயப்படுவது. முற்காலத்தில் சீட்டுக் குழாயின் நீளத்தை அங்குலத்திற் கூறிச் சட்டத்தைத் தெரிந்தெடுத்தனர். இக்காலத்து மலைச்சைக்கிள்களில் சீட்டு, பொத்தானை அழுத்தின் தாழ்ந்து பின் எழுவதாகலின், கிராங்கின் நடுவிலிருந்து கைப்பிடிக் கழுத்தின் உச்சிவரை உள்ள கிடைநீளமே தலைமையான அளவாயிற்று. அவருக்கு 450 மில்லிமீட்டர் போதும், வாங்கியதோ 480. மூன்று சென்டிமீட்டர்தானே என்பார் உளராயின், ஒரு பனியனை மூன்று சென்டிமீட்டர் குறைத்து வெட்டி ஏற்றுமதி செய்து பார்ப்பாராக!

மோட்டார் மிகுந்த வலியுடையதாயின் இக்குறையை ஈடுசெய்யாதோ எனின், செய்யாது. வலிக்குக் குறைவில்லை என்பதை முதலில் ஒப்புவோம். ஷிமானோ நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட ஈ.பி.8 என்னும் மோட்டார், 2.6 கிலோ எடையே உடையதாயினும் 85 நியூட்டன் மீட்டர் திருகுவிசை தர வல்லது. ஆளும் வண்டியுமாக 100 கிலோவை 300 மீட்டர் உயரத்திற்கு ஏற்றுதற்குக் கணக்கின்படி வேண்டுவது ஏறக்குறைய 82 வாட்-மணி ஆற்றல். 36 வோல்ட்டும் 14 ஆம்பியர்-மணியும் உடைய பாட்டரியில் அடங்கியிருப்பதோ 504 வாட்-மணி. வழியில் வீணாவது போக எஞ்சியதே பன்முறை ஏறப் போதும். ஆயினும் இம்மோட்டார் மிதிப்பாரது காலின் அழுத்தத்தை உணர்ந்தே துணைசெய்வது. சீட்டுத் தாழ்ந்திருப்பின் கால் நன்கு நீளாது, முழங்கால் மடங்கிய நிலையிலேயே பளு தாங்கும், மிதியும் மெதுவாகும். மிதி மிக மெதுவாயின் மோட்டாரும் திணறிப் பாட்டரியை வீணே உண்ணும். பிழையான இருக்கையில் இருப்பவனுக்கு மோட்டார் செய்யும் உதவியெல்லாம், அப்பிழையோடு அவனை மேலும் நெடுந்தூரம் கொண்டுசெல்வதேயாம்.

அளவு கண்டபின், விற்றவரிடமே பேசி அதே இனத்து நடுத்தரச் சட்டத்தை வருவித்து, மோட்டாரையும் பாட்டரியையும் ஏனைய உறுப்புக்களையும் அதற்கு மாற்றினர். கைப்பிடியைப் பற்றும் திருகாணிகளை ஒரு சைக்கிள் மெக்கானிக், விசைகாட்டும் சாவியால், அவற்றின்மேற் பொறித்திருந்த 5 நியூட்டன் மீட்டர் அளவிற்கே முடுக்கினார். இறுக முடுக்குதலே நன்றென்பது பழைய எண்ணம். மெல்லிய உலோகமும் கார்பன் குழாயும் அதனைப் பொறா. முன் போர்க்கு 150 மில்லிமீட்டர் அமிழ்வது. உரியவர் ஏறி அமர்ந்த மாத்திரத்தில் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் தாழுமாறு சிறு பம்பினால் அதன் காற்றை ஒழுங்குசெய்தனர். காற்று மிகின் போர்க்கு குழியை உணராது கையை வருத்தும். குறையின் அடிமட்டம்வரை சென்று மோதும். டயர்களின் காற்றையும் அவரது எடையும் சரளைப் பாதையும் நோக்கிக் குறைத்தனர். இவ்வளவிற்கும் ஆனது ஒரு பகலே. அன்று மாலை அவர் ஊத்துக்குளிச் சாலையிற் சென்று திரும்பிய முகமலர்ச்சியைக் கண்டு யாமும் மகிழ்ந்தோம்.

தமிழ் பயிலும் எமக்கு இதில் ஓர் ஒப்புமை தோன்றிற்று. தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளின் உறுப்புக்கள் முப்பத்து நான்கனையும் எண்ணப் புகுங்கால், மாத்திரையையே முதற்கண் வைத்துள்ளது. அளவு நின்றபின்னரே அசையும் சீரும் அடியும் வருவன; அணியும் அழகும் அவற்றின் பின்னர். அளவு வழுவிய அடியில் எத்துணை அரிய சொல்லைப் பெய்தாலும் ஓசை இடறும். சைக்கிளும் அன்னதே.

நிற்க. ‘இலட்சக்கணக்கிற் பொருள் கொடுத்து வாங்கும் விளையாட்டுப் பொருளைப் பற்றி மாணவர்க்கு என்ன பேச்சு?’ என்று எம் ஆசிரியருள்ளும் நண்பருள்ளும் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. திருப்பூரில் காலை ஷிப்டிற்குச் சைக்கிளில் விரையும் தொழிலாளர்க்கு இவ்வண்டியின் பாட்டரியைக்கூட வாங்க இயலாது. எனினும், இவ்விலையுயர்ந்த வண்டியிடமிருந்து அவர் பெறத்தக்கது ஒன்றுண்டு, அதற்கு விலையில்லை. அஃது எம் கண்முன்னரே விளங்கிற்று.

வேலை முடிந்தபின் அக்கட்டிங் மாஸ்டர், தம் பழைய 22 அங்குலச் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பல்லடம் சாலையில் நாள்தோறும் ஏழு கிலோமீட்டர் போய், ஏழு கிலோமீட்டர் வருபவர் அவர். படியேறும்போது முழங்காலைப் பற்றிக்கொள்வதை யாம் முன்னரே கண்டிருக்கின்றோம். எம் நண்பர், “அண்ணா, உங்களுக்கு யாரு அளவு எடுத்தாங்க?” என்று கேட்டார். அவர் நகைத்தார். பிறரது மார்பையும் தோளையும் முப்பதாண்டு எண்ணி எண்ணித் துணி வெட்டிய அவரை எவரும் அளந்ததில்லை. அளந்தபொழுது சீட்டு நான்கு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கக் கண்டோம். நெரிசலில் தரையில் இரு காலும் ஊன்றல் வேண்டுமென்னும் அச்சத்தால் அவரே தாழ்த்தி வைத்தது அது, அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆதலின் ஒரே நாளில் உயர்த்தாது, வாரத்திற்கு ஒரு சென்டிமீட்டராக உயர்த்தி, நிற்குங்கால் சீட்டைவிட்டு முன்னே இறங்கி ஒரு கால் ஊன்றவும் பழக்கினர். நோய் முற்றும் நீங்கிற்றென்று யாம் கூறோம். வயதும் உழைப்பும் ஒரு திருகாணியால் மாறுவனவல்ல. ஆயினும், “சாயங்காலம் வீட்டுப் படி ஏறறது முன்னைப் போலக் கஷ்டமில்லீங்க” என்று அவர் கூறியதை எம் செவியாற் கேட்டோம். அதற்கு ஆன செலவு ஒரு காசுமில்லை.

அம்பத்தூரில் 1949-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகளினின்றும் வந்த வண்டிகள் தலைமுறை தலைமுறையாக நம் தொழிலாளரைச் சுமந்துள்ளன. 22 அங்குலம், 24 அங்குலம் எனச் சட்டங்கள் அன்றும் வேறுபட்டிருந்தன. அளவு இல்லாமலில்லை, அளக்கும் வழக்கமே அருகிற்று. ஆகவே யாம் வேண்டுவன மூன்று. சைக்கிள் விற்பார், விலை கூறுமுன் கால் அளவைக் கேட்பாராக. கடைச் சுவரில் ஓர் அளவுகோல் வரைந்து வைத்தல் அவர்க்குப் பெருஞ்செயலன்று. அரசு பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு விலையின்றி வழங்கும் சைக்கிள்களின் சீட்டுக்களை, வழங்கும் நாளன்றே ஒவ்வொருவர்க்கும் அளந்து பொருத்துதலைப் பள்ளிகள் தம் கடமையாகக் கொள்க. மூன்றாவது, எம் போன்ற கல்லூரி மாணவர்க்கு உரியது: விடுமுறை நாள்களில் ஒரு இஞ்சு டேப்பும் ஸ்பானரும் ஏந்திப் பனியன் கம்பெனிகளின் வாயிலில் ஒரு மணி நேரம் நின்றால், எத்தனையோ முழங்கால்களுக்கு நன்மை செய்தவராவோம்.

விசை வரும் காலம் வந்துவிட்டது. இன்று செல்வர் ஏறும் மின்சாரச் சைக்கிள் நாளை விலை குறைந்து தொழிலாளர் கைக்கும் வரலாம். வரவேண்டும் என்பதே எம் விருப்பம். அது வருமுன் அளவு வந்துவிடுக. ஊரார் அனைவர்க்கும் அளந்து உடுத்தும் திருப்பூர், தன்னையும் ஒருமுறை அளந்துகொள்வதாக.