புள்ளி மறைந்தாலும் நோய் போகவில்லை!

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து, கடன் வாங்கிக் கோமாளி மீன் குஞ்சுகளை வளர்த்து விற்கிறோம். இனப்பெருக்கத்துக்காகப் புதிதாக 10 பெரிய மீன்கள் வாங்கித் தனித்தொட்டியில் விட்டோம். 4-ம் நாள், உடம்பில் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. கடையில் கொடுத்த நீல மருந்தை ஊற்றினோம். மூன்றே நாளில் புள்ளிகள் மறைந்துவிட்டன. மருந்தை நிறுத்திய ஒரு வாரத்தில் முன்பைவிட அதிகமாக வந்து, 2 மீன்கள் செத்துவிட்டன. பக்கத்தில் 300 குஞ்சுகள் இருக்கின்றன. மருந்து போலியா? மீதி மீன்களை எப்படிக் காப்பாற்றுவது?

- வாசகி, மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.

பதில்: மருந்து போலியா என்று பார்ப்பதற்கு முன்னால், புள்ளிகள் ஏன் மறைந்தன என்று பார்க்க வேண்டும். அந்த மருந்தை ஊற்றாமல் இருந்திருந்தாலும் அநேகமாக அதே நாள்களில் அவை மறைந்திருக்கும்.

இது கடல் மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய். 'கிரிப்டோகேரியான் இர்ரிட்டன்ஸ்' என்ற ஒட்டுண்ணியால் வருகிறது. மாட்டின் உண்ணியை அறிந்தவர்களுக்கு இதன் போக்கு எளிதில் புரியும். ரத்தம் குடித்துப் பெருத்த உண்ணி மாட்டை விட்டு விழுந்து, கொட்டகைச் சுவரின் இடுக்கில் முட்டையிடும். மாட்டை மட்டும் கழுவிவிட்டுக் கொட்டகையை அப்படியே விட்டால், சில வாரங்களில் மாடு முழுக்க உண்ணி. இந்த ஒட்டுண்ணியும் அப்படித்தான். மீனின் தோலுக்கு அடியிலும் செவுளிலும் 3 முதல் 7 நாள் வரை இருந்து தின்று பெருக்கும். பிறகு தானாகவே மீனை விட்டு இறங்கி, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். அப்போதுதான் புள்ளி மறைகிறது. கூட்டுக்குள் ஒன்று பல நூறாகப் பிரிந்து, பெரும்பாலும் 3 நாள் முதல் 4 வாரத்துக்குள் வெளியே நீந்தி வரும். வந்தவை ஓரிரு நாளுக்குள் மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும்.

இதில் மருந்து கொல்வது நீந்தி வரும் குஞ்சுப் பருவத்தை மட்டுமே. தோலுக்கு அடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் மருந்து தொடாது. அதனால் புள்ளியைப் பார்த்து மருந்தைத் தொடங்கலாம். புள்ளியைப் பார்த்து நிறுத்தக் கூடாது. நாளை எண்ணித்தான் நிறுத்த வேண்டும். கடையில் கிடைக்கும் நீல மருந்து பெரும்பாலும் மெத்திலின் புளூவாக இருக்கும். கடல் மீனின் வெள்ளைப்புள்ளிக்கு அதை நம்பியிருக்க முடியாது.

மருந்தே இல்லாத வழி

மீதமுள்ள 8 மீன்களுக்குத் தொட்டி மாற்றும் முறையே ஏற்றது. செங்கடல் கரையில் உள்ள ஏலாட்டில் 1980-களில் இந்த முறையை ஆராய்ந்து சொன்னார்கள். கணக்கு எளியது. கீழே விழுந்த கூடு வெடிக்கக் குறைந்தது 3 நாள் ஆகும். அதற்குள் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால், வெளியே வரும் குஞ்சுகளுக்குப் பிடிக்க மீன் இருக்காது.

100 லிட்டர் அளவில் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள் போதும். மணலோ கல்லோ வேண்டாம். ஒளிந்துகொள்ள பி.வி.சி. பைப் துண்டுகள், தொட்டிக்குத் தனித்தனியாக ஏரேட்டர் குழாய், காற்றுக்கல் இருந்தால் சரி. முதல் நாள் மீன்களைச் சுத்தமான தொட்டியில் விட வேண்டும். பிறகு 4, 7, 10, 13-ம் நாள்களில் மாறி மாறி அடுத்த தொட்டிக்கு மாற்ற வேண்டும். 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சற்று முன்னதாக மாற்றினால் தவறில்லை. மாற்றும்போது பழைய தண்ணீர் கூட வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலியான தொட்டி, பைப், காற்றுக்கல் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் வெயிலில் காய வைக்க வேண்டும். காய்ந்தால் கூடு பிழைக்காது.

கரையிலிருந்து எடுத்த கடல்நீரை அப்படியே ஊற்றினால் அதிலேயே கிருமி வரலாம். வடிகட்டி, குளோரின் போட்டு, குளோரின் முழுக்க நீங்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். பழைய தொட்டி நீரின் உப்பளவும் வெப்பமும் புதிய நீரிலும் இருக்க வேண்டும். இந்த நாள்களில் தீனியைக் குறைத்துப் போட்டு, மிச்சத்தை உடனே எடுத்துவிட்டால் அமோனியா ஏறாது.

மயில்துத்தம் எப்போது?

300 குஞ்சுகளில் ஒன்றிலாவது புள்ளி தெரிந்தால், அந்தத் தொட்டியில் உள்ள அத்தனைக்கும் சிகிச்சை வேண்டும். அவ்வளவு குஞ்சுகளை 3 நாளுக்கு ஒருமுறை பிடித்து மாற்றுவது கடினம். அங்கே தாமிர மருந்து கைகொடுக்கும். தண்ணீரில் தாமிரம் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை, 3 வாரம் விடாமல் இருக்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும். கூடினால் மீன் சாகும்.

போர்டோ கலவைக்கு 100 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ மயில்துத்தம் போடுவது விவசாயிகளுக்குப் பழக்கம். இங்கே 100 லிட்டருக்குத் தேவை வெறும் 80 மில்லிகிராம். அதில் 12,500-ல் ஒரு பங்கு! கடைத் தராசில் இதை நிறுக்க முடியாது. ஆய்வகத் தரமுள்ள மயில்துத்தம் 8 கிராமை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வைத்துக்கொள்ளலாம். அதில் 10 மில்லி எடுத்தால் 100 லிட்டருக்குச் சரியாக இருக்கும். முதல் நாள் 5 மில்லி, மறுநாள் 5 மில்லி எனப் பிரித்து ஊற்ற வேண்டும். தாமிரம் அளக்கும் டெஸ்ட் கிட் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. காலை, மாலை இரு வேளையும் அளந்து, குறைந்ததை மட்டும் சேர்க்க வேண்டும். முதலில் நாலைந்து குஞ்சுகளில் செய்து பார்ப்பது நல்லது. கடையில் தயாராகக் கிடைக்கும் தாமிர மருந்துகள் சிலவற்றுக்கு அளவு வேறு. அவற்றுக்குப் பாட்டிலில் உள்ளபடியே போக வேண்டும்.

தாமிரம் ஊற்றும் தொட்டியில் சிப்பி, பவளக்கல், ஃபில்டர் கரி எதுவும் இருக்கக் கூடாது. அவை தாமிரத்தை உறிஞ்சிவிடும். உயிர்ப் பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பதற்குச் சட்டப்படியும் தடை இருக்கிறது. இறால், நத்தை, கடல் சாமந்தி போன்றவை தாமிரத்தில் செத்துப்போகும்.

குஞ்சுகளைக் காக்க

நோய்த் தொட்டியின் வலை, வாளி, குழாய் வேறு தொட்டிக்குப் போகக் கூடாது. தினமும் நல்ல தொட்டியில் வேலையை முடித்துவிட்டு, கடைசியாக நோய்த் தொட்டிக்குப் போக வேண்டும். பிறகு கையைக் கழுவித் துடைக்க வேண்டும். ஏரேட்டர் குமிழ் உடைந்து தெறிக்கும் நுண்துளியிலும் ஒட்டுண்ணி பரவக்கூடும் என்பதால், நோய்த் தொட்டியை 10 அடியாவது தள்ளி வைத்து மூடிவிடலாம். நோய் கண்ட பழைய தொட்டியை முழுக்கக் காய வைக்க முடியாவிட்டால், குறைந்தது 6 வாரம் மீன் இல்லாமல் போட வேண்டும். நாள் கூடினால் இன்னும் நல்லது.

சிகிச்சை முடிந்து 2 வாரமாவது புள்ளி இல்லாமல் இருந்த பிறகே விற்க வேண்டும். தவணை கட்டும் நேரத்தில் இது கஷ்டம்தான். ஆனால், புள்ளி மறைந்த இடைவெளியில் மீனை விற்றால், நோய் வாங்குபவரின் தொட்டியில் வெடிக்கும். அதன் பிறகு அவர் திரும்பி வரமாட்டார்.

கேள்வி: எங்கள் கோமாளி மீன்களில் புள்ளி இல்லை. ஆனால், உடம்பு முழுக்க வெள்ளையாகச் சளி படர்ந்து, தோல் உரிவதுபோல இருக்கிறது. தாமிர மருந்து கேட்கவில்லை. நல்ல தண்ணீரில் முக்கி எடுக்கலாமா?

- வாசகர், தூத்துக்குடி.

பதில்: இது 'புரூக்லினெல்லா' என்ற வேறு ஒட்டுண்ணியாக இருக்க வாய்ப்பு அதிகம். கோமாளி மீன்களை அதிகம் தாக்குவது இது. கூடு கட்டாமல் மீனின் மேலேயே பிரிந்து பெருகும் என்பதால், சில நாளிலேயே மீனைக் கொன்றுவிடும். தாமிரத்துக்கு இது சரியாகக் கட்டுப்படாது. நன்னீரில் 5 நிமிடம் முக்கினால், தோலின் மேல் ஒட்டியிருக்கும் தட்டைப்புழுக்கள் விழும். இதற்கு அது மட்டும் போதாது.

இதற்கு ஃபார்மலின் குளியல் கொடுக்கலாம். தனி வாளியில் கடல்நீர் எடுத்து, 100 லிட்டருக்கு 15 மில்லி என்ற அளவில் 37 சதவிகித ஃபார்மலின் கலந்து, ஏரேட்டரை வேகமாக ஓட விட வேண்டும். மீனை 30 முதல் 60 நிமிடம் விட்டு, பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும். மீன் சாய்ந்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே எடுத்துச் சுத்தமான புதுத் தொட்டியில் விட வேண்டும். பழைய தொட்டிக்குத் திரும்பக் கூடாது. பாட்டிலின் அடியில் வெள்ளை வண்டல் இருந்தால் அந்த ஃபார்மலின் நஞ்சு, பயன்படுத்தக் கூடாது. அதன் புகை மனிதர்களுக்கும் கெடுதல் என்பதால், கையுறை போட்டு, திறந்த வெளியில், குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும்.

புள்ளியும் இல்லாமல், மேலே மஞ்சள் தூசி படிந்ததுபோல் தெரிந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அது 'வெல்வெட்' நோய். அதற்குத் தாமிரம்தான் மருந்து; தொட்டி மாற்றும் முறை கேட்காது. நோய் எது என்று சந்தேகம் இருந்தால், செவுள் அல்லது தோல் சளியை நுண்நோக்கியில் பார்த்து உறுதி செய்வதே சிக்கனம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையத்தையோ, அருகில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்தையோ அணுகிக் கேட்கலாம். புதிதாக வாங்கும் மீன் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், 30 நாள் தனித்தொட்டியில் இருந்த பிறகே மற்ற மீன்களோடு சேர வேண்டும்.