எனக்குப் பிடித்த டாப் 5 தொடர்கள்: அரை மணி நேரக் கணக்கு



"சீரியலா? அதெல்லாம் பொம்பளைங்க பாக்குறதுடா" என்று நம் வகுப்பில் பாதிப் பேர் சொல்வீர்கள். அதே பாதிப் பேர்தான் விடிய விடிய கொரியன் தொடர் பார்த்துவிட்டு முதல் பீரியடில் தூங்கி வழிகிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள் :-)

இன்றைக்கு நான் பட்டியல் போடப் போவது தமிழ்த் தொடர்களை. எது பிரம்மாண்டம், எதற்கு டிஆர்பி அதிகம் என்பதெல்லாம் என் அளவுகோல் இல்லை. என் அளவுகோல் எங்கள் அம்மா.

எங்கள் வீடு செண்பகத்தோப்பு போகும் வழியில். அம்மாவுக்கு ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் தண்ணீர் பிடிப்பது, சமையல், பாத்திரம், மறுநாளைக்கு மாவு என்று வரிசையாக நிற்கும். நாள் முழுக்க அம்மா உட்கார்ந்து நான் பார்ப்பது சீரியல் ஓடும் அந்த அரை மணி நேரம்தான். அதிலும் விளம்பரம் வந்தால் எழுந்து போய் ஒரு தோசையைத் திருப்பிவிட்டு வருவார்.

ஆக, கேள்வி இதுதான். ஒரு பெண்ணிடம் ஒரு நாளைக்கு இருக்கிற ஒரே ஒரு ஓய்வு அரை மணியை ஒரு தொடர் வாங்கிக்கொள்கிறது. அதற்குப் பதிலாக என்ன கொடுத்தது? இதை வைத்து ஐந்திலிருந்து ஒன்று வரை பார்ப்போம். பழைய தொடர்களை நான் யூட்யூபிலும் மறு ஒளிபரப்பிலும் பார்த்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

5. எதிர்நீச்சல் (2022 - 2024)

திருச்செல்வம் இயக்கி சன் டிவியில் வந்தது. மதுரையில் ஆதி குணசேகரன் வீடு. படித்த நான்கு பெண்கள் மருமகள்களாக வந்து அடுப்படியில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். குணசேகரனாக நடித்த மாரிமுத்து "இந்தாம்மா ஏய்" என்று ஒரு அதட்டு அதட்டினால் தமிழ்நாடே மீம் போட்டது. அவர் வருசநாட்டுப் பக்கத்துக்காரர். அதாவது நம் மலைக்கு அந்தப் பக்கம். அவர் பேச்சில் நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலரின் வாடை அப்படியே அடிக்கும். 2023 செப்டம்பரில் அவர் திடீரென்று இறந்துபோனார். அதற்குப் பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். அவர் நல்ல நடிகர்தான், ஆனால் கதை சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நின்றது. அந்த நான்கு பெண்களும் அடுக்களையில் நின்று மெதுவான குரலில் பேசிக்கொள்ளும் காட்சிகளுக்காக மட்டுமே இதற்கு ஐந்தாம் இடம்.

4. கோலங்கள் (2003 - 2009)

இதுவும் திருச்செல்வம்தான். தேவயானி அபியாக வந்தார். கட்டுமானத் தொழிலில் ஒரு பெண் சொந்தக்காலில் நிற்பதை அன்றாடம் வீட்டுக்குள் கொண்டுவந்த தொடர். வில்லன் ஆதி வேறு யாருமில்லை, அபியின் அப்பாவுக்குப் பிறந்த இன்னொரு பிள்ளை. சண்டை வெளியிலிருந்து வரவில்லை, ரத்தத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது நல்ல முடிச்சு.

ஆனால் மொத்தம் 1533 பகுதிகள்! விளம்பரத்தோடு அரை மணி என்று வைத்தால் சுமார் 766 மணி நேரம். இரவு பகல் தூங்காமல் பார்த்தால் 32 நாள். அம்மாவின் எட்டு மணி நேரக் கணக்கில் ஏறக்குறைய 96 ஷிஃப்ட். மில்லில் அத்தனை ஷிஃப்டுக்குக் கூலி உண்டு. இங்கே ஆதி திருந்துவானா மாட்டானா என்ற கேள்விக்குப் பதில் கூட ஆறு வருடம் கழித்துத்தான். அபிக்கு நூற்றுக்கு நூறு, இழுவைக்கு மைனஸ் மார்க்.

3. சித்தி (1999 - 2001)

ராதிகாவின் ராடான் நிறுவனம் தயாரிக்க, சி.ஜே.பாஸ்கர் இயக்கியது. நம் சினிமாவில் மாற்றாந்தாய் என்றால் சூடு வைப்பாள், சோறு போட மாட்டாள். அந்த ஒரே அச்சில்தான் வார்த்துக்கொண்டிருந்தார்கள். ராதிகாவின் சாரதா அதை உடைத்தாள். பெறாத பிள்ளைக்காக ஒருத்தி எல்லாவற்றையும் தாங்குகிறாள் என்பதை தினமும் பார்த்தார்கள். முக்கியமான விஷயம், இரண்டு வருடத்துக்குள் முடித்துவிட்டார்கள். எங்கள் தெருவில் இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு அக்கா "எனக்காக ஒருத்தி டிவில பேசுனா தம்பி" என்று சொன்னார். மார்க் போட இதற்கு மேல் என்ன வேண்டும்?

2. மர்மதேசம் - விடாது கருப்பு (1997)

இதை முதலிடத்தில் வைக்காததற்கு எத்தனை பேர் என்னை அடிக்க வருவீர்கள் என்று தெரியும். இந்திரா சௌந்தர்ராஜனின் கதை, நாகாவின் இயக்கம், பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. வாரம் ஒரு நாள்தான் வரும். தப்பு செய்தவர்களைக் குதிரையில் வரும் கருப்பு கொல்கிறது என்று ஒரு ஊரே நம்புகிறது. செய்வது தெய்வமா, மனிதனா? இன்னும் பார்க்காதவர்களுக்காக நான் வாயைத் திறக்க மாட்டேன்.

செண்பகத்தோப்பில் பேச்சியம்மன் கோயில் பக்கம் மாலை மயங்கும் நேரத்தில் நடந்து பாருங்கள். மாந்தோப்பும் இருட்டும் சேர்ந்தால் இந்தக் கதை ஏன் நம்மைப் பிடித்தது என்று புரியும். அது காட்டிய பயம் நம் பயம், நம் சாமி, நம் ஊர் மண். வெளியூரிலிருந்து வாங்கி வந்த பேய் இல்லை. பார்ப்பவரை முட்டாள் என்று நினைக்காமல் மனநோயைப் பற்றியும் பேசியது. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தது. 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்தபோது இதைத்தான் எல்லோரும் முதலில் நினைத்துக்கொண்டார்கள்.

1. மெட்டி ஒலி (2002 - 2005)

திருமுருகன் இயக்கியது, 811 பகுதிகள். சிதம்பரம் என்ற அப்பா, ஐந்து பெண்கள், ஐந்து கல்யாணம். கதை இவ்வளவுதான். அப்புறம் ஏன் விடாது கருப்புக்கு மேலே?

மர்மதேசத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் பார்த்தோம். மெட்டி ஒலியில் என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரிந்தே பார்த்தோம். மாப்பிள்ளை மாணிக்கம் சரோஜாவைக் கை நீட்டுவான், மாமியார் ராஜம் பேசிப் பேசியே கொல்வாள், அப்பா சிதம்பரம் துண்டை வாயில் பொத்திக்கொள்வார். இங்கே விஷ பாட்டிலோடு திரியும் வில்லி தேவையில்லை. சீரும், மாமியார் நாக்கும், புருஷன் கையும் போதும். வேடிக்கை என்னவென்றால், விடாது கருப்பில் நடித்த அதே சேத்தன்தான் இங்கே மாணிக்கம். கருப்பை விட மாணிக்கம்தான் எனக்கு அதிக பயம். ஏனென்றால் கருப்பு மலையடிவாரத்தில் இருக்கிறது, மாணிக்கம் பக்கத்து வீட்டில் இருக்கிறான்.

2020 ஊரடங்கில் இதை சன் டிவி மறுபடி போட்டபோது வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். மாணிக்கம் அடிக்கும் ஒரு காட்சியில் ஆச்சி சத்தமில்லாமல், "உங்க தாத்தாவும் இப்படித்தான்" என்றார். அறுபது வருடமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத செய்தி அது. அப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு தொடர் வாங்கிக்கொண்ட அரை மணிகளுக்கெல்லாம் சேர்த்து வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. சரோஜாவை அளவுக்கு மேல் பொறுத்துப் போக வைத்தார்கள். "பொம்பளைன்னா பொறுத்துதான் போகணும்" என்று பாடம் படித்தவர்களும் இருப்பார்கள். ஆனாலும் அடியை அடி என்று காட்டினார்கள், அதைப் பாசம் என்று பூசி மெழுகவில்லை.

பட்டியலைத் திரும்பப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. எல்லாக் கதையும் வீட்டுக்குள் நடக்கிறது. அபி வெளியே வந்தாள், ஆனால் முதலாளியாகிவிட்டாள். பஞ்சு தலையில் ஒட்டிக்கொள்ள, காது அடைக்கும் சத்தத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து சீரியல் போடுகிற பெண்ணைப் பற்றி இந்த ஐந்தில் ஒன்று கூட இல்லை. பார்ப்பவர்களில் எத்தனையோ பேர் அவர்கள்தானே? அப்படி ஒரு தொடர் வந்தால், 811 பகுதி இழுத்தாலும் சரி, மெட்டி ஒலியை இரண்டாம் இடத்துக்குத் தள்ள நான் தயார்.

உங்கள் டாப் 5 என்ன? வீட்டில் அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். விளம்பர இடைவேளையில் கேளுங்கள், இல்லையென்றால் திட்டு நிச்சயம் :-)