உலோகமும் உயிரும்

உயிரணுவின் உள்ளே செயற்கை உலோக வினையூக்கியை வைத்து வேதிவினை நடத்துவது, படைத்தவரின் பணியில் மனிதன் கைவைக்கும் அகந்தை என்று நம்மிடையே சிலர் பேசுகின்றனர். பக்தியின் பெயரால் பேசப்படுவதாலேயே ஒரு கூற்று உண்மையாகிவிடாது. இதனை நாம் மறுக்கிறோம்.

வினையூக்கி கல்யாணத் தரகரைப் போன்றது. இரு வீட்டாரை இணைத்து வைக்கும். தான் அக்குடும்பத்தில் சேர்வதில்லை. உலோகம் உயிருக்குப் புதிய விருந்தாளியும் அன்று. குருதியில் இரும்பு உயிர்வளியைச் சுமக்கிறது. பி12 உயிர்ச்சத்தின் நடுவே கோபால்ட் அமர்ந்திருக்கிறது. கரியமில வாயுவை வெளியேற்ற உதவும் நொதியில் வினையை ஊக்குவதே துத்தநாகம்தான். படைத்தவரே உயிருக்குள் வைத்த ஒன்றைத் தீட்டு என்பது எவ்வகை விசுவாசம்?

2006இல் எரிக் மெகர்ஸ் குழுவினர் ருத்தேனியச் சேர்மத்தால் உயிரணுவுக்குள் வேதிப் பிணைப்பு ஒன்றை அறுத்துக் காட்டினர். 2011இல் எடின்பரோ ஆய்வாளர்கள் பல்லேடியம் பொதிந்த நுண்கோளங்களை உயிரணுவுக்குள் செலுத்தி வினை நடத்தினர். உறங்கும் மருந்தைக் கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் எழுப்புவதே இவ்வழி ஆய்வின் கனவு. அது இன்னும் நம் மருத்துவமனைகளுக்கு வந்து சேரவில்லை. ஆபத்தும் உண்டு. செம்பு உயிரணுவுக்கு நஞ்சாவதைக் கண்டே கரோலின் பெர்டோசி செம்பில்லா வழியைத் தேடினார். 2022இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆபத்தைக் கண்டறிந்து திருத்தியதும் அறிவியலே, அச்சமன்று.

மருந்துகள் மண்ணிலிருந்து ஆண்டவர் படைத்தவை, அறிவுள்ளோர் அவற்றை வெறுத்து ஒதுக்கார் என்பது சீராக் நூல் 38ஆம் அதிகாரத்தின் போதனை. அறிவியலும் விசுவாசமும் பகையென எண்ணவைத்த கிறிஸ்தவரின் மனப்போக்கை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வருந்திக் கண்டித்தது.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஆலைத் தொழிலாளியின் வீட்டில் புற்றுநோய் நுழைந்தால், மருத்துவர் பிளாட்டினம் கலந்த சிஸ்பிளாட்டினைப் பரிந்துரைக்கக்கூடும். அது வினையூக்கி அன்று. ஆயினும் 1978 முதல் வழக்கிலுள்ள உலோக மருந்து. உலோகம் பாவம் என்று கேட்டுப் பழகிய தாய் அதனை மறுத்துவிட்டால், அவளது பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. பல்லேடியம் விலையுயர்ந்த உலோகம். நாளை இம்மருந்து வருமானால், அது ஏழையின் படுக்கைக்கும் வருமா? படைத்தவருக்காக வாதாட விரும்புவோர் அந்தக் கேள்வியை எழுப்பட்டும். நாமும் உடன் நிற்போம்.