நாற்பதுக்கு மேல் ஒரு கண்ணாடி

ஹைதராபாத்தின் மாதாப்பூரில் 1998-ல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட பிறகு, அந்த வட்டாரத்துக்கு இரண்டு வகைப் பெண்கள் வேலைக்கு வரத் தொடங்கினார்கள். ஒரு வகையினர் கம்ப்யூட்டர் திரை முன் உட்காருபவர்கள். கண் எரிந்தால் காரணம் இவர்களுக்குத் தெரியும்: திரையை உற்றுப் பார்க்கும்போது இமை கொட்டுவது குறைகிறது, மிச்ச ஈரத்தை ஏ.சி. காற்று உறிஞ்சிவிடுகிறது. டாக்டரைப் பார்க்கிறார்கள். இன்னொரு வகையினர் அதே கட்டடங்களைத் துடைப்பவர்கள், ஹாஸ்டல்களில் சமைப்பவர்கள், ரவிக்கைக்கு ஹெம்மிங் செய்பவர்கள். இவர்களில் நாற்பதைத் தாண்டியவர் ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிடுவார். அரிசியில் கல் பொறுக்குவதையும் மெல்ல அவளிடம் தள்ளிவிடுவார். இதை நோய் என்று யாரும் நினைப்பதில்லை.

நோயும் இல்லைதான். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் இறுகி, அருகில் இருப்பதைக் குவித்துக் காட்ட மறுக்கிறது. தமிழில் இதற்கு வெள்ளெழுத்து என்று பெயர். சாளேஸ்வரம் என்றும் சொல்வதுண்டு. அதற்குள் ஒளிந்திருப்பது நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்'. தெலுங்கர்களின் 'சத்வார'மும் நாற்பதுதான். எப்போது வரும் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடும் கோளாறு. இருந்தும் கண்ணாடி நேரத்துக்கு வந்து சேர்வதில்லை.

அதன் விலை என்ன என்பதை அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். நாற்பது வயதை எட்டிய 751 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு அது, பெரும்பாலோர் பெண்கள். ஒரு பிரிவினருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி உடனே தரப்பட்டது, மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்களின் கொழுந்து பறிக்கும் திறன் மற்றவர்களுடன் ஒப்பிடும்போது சுமார் 22 சதவீதம் கூடியது என்று 2018-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் வெளியிட்டது. தோட்டத்தில் எடை போட ஆள் உண்டு. சமையலறையில் இல்லை. வீட்டார் கண்ணில் நஷ்டம் படாததற்கு அதுவே காரணம்.

பிளாட்பாரத்தில் விற்கும் ரெடிமேட் கண்ணாடி போதாதா? எழுத்தைப் படிக்கப் போதும். ஆனால் அந்தக் கடைக்காரர் கிளாக்கோமாவைக் கண்டுபிடிக்க மாட்டார். வலியே இல்லாமல் ஓரப் பார்வையை அரித்துவிடும் நோய் அது. போன பார்வை திரும்பாது. தென் தமிழகக் கிராமங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பரவலாகக் காணப்படும் ஒரு வகைக் கிளாக்கோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதுவரை அது தெரிந்திருக்கவில்லை. மூடுகோண கிளாக்கோமா எனப்படும் இன்னொரு வகை ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

2018 ஆகஸ்ட் 15-ல் தெலங்கானா அரசு 'கண்டி வெலுகு' திட்டத்தைத் தொடங்கியது. கண்ணொளி என்று பொருள். முதல் கட்டத்தில் ஒன்றரைக் கோடிப் பேரும், 2023 ஜனவரியில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் மேலும் பலரும் பரிசோதிக்கப்பட்டனர். இலவசக் கண்ணாடியைவிடப் பெரிய சலுகை, முகாம் வீட்டருகே வந்ததுதான். பஸ் பிடித்து, அரைநாள் கூலியை இழந்து, துணைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் முகாம் கலைந்துவிடும். கண்ணின் பவர் மாறிக்கொண்டே இருக்கும். 1987-லிருந்து ஹைதராபாத்தில் இயங்கும் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை, கிராமங்களில் நிரந்தரப் பார்வை மையங்களை நடத்துவது இதனால்தான்.

நாற்பது வயதில் ஒரு முழுப் பரிசோதனை, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. சர்க்கரை நோய் இருந்தால் ஆண்டுதோறும். அப்படிப்பட்டவர் கருவுற்றால் தொடக்க மாதங்களிலேயே விழித்திரையைக் காட்டிவிட வேண்டும். சொட்டு மருந்து விட்டு, பாவையை விரித்துப் பார்த்தால்தான் அது முழுப் பரிசோதனை. சில மணி நேரம் கண் கூசும். அன்றைய சமையலை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.